வெள்ளையர் நம் மலைக்கு வந்தது ஏன்?

வரலாற்றுத் தேர்வில் தவறாது இடம்பெறும் வினா ஒன்று உண்டு. ஐரோப்பியர் புதிய நாடுகளைத் தேடிச் சென்றதற்கும் அங்கே குடியேற்றங்களை அமைத்ததற்கும் உரிய காரணங்கள் யாவை என்பதே அது. நாமும் பொன், புகழ், சமயம் என்று மூன்று தலைப்புகள் இட்டு, ஒவ்வொன்றின் கீழும் நான்கு வரிகள் எழுதி, மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறோம். விடை தவறன்று. ஆயினும் அம்மூன்று சொற்களைக் கொண்டு நான் பிறந்த ஊரின் கதையை விளக்க முற்பட்டால் அவை போதவில்லை.

என் ஊர் பள்ளங்கி. கொடைக்கானலை அடுத்து, வில்பட்டிக்கு அருகே, மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்களுக்கு நடுவே அமைந்த சிற்றூர். இங்கே பொன் விளைந்ததில்லை. முத்துக் குளிக்கும் கடலும் இல்லை. கைப்பற்றினால் புகழ் தரத்தக்க கோட்டையும் இல்லை. அப்படியிருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வெள்ளையர் இம்மலைமீது ஏறி வந்தனர், வீடு கட்டினர், ஓடையை மறித்து ஏரி அமைத்தனர், நடைபாதைக்கும் தம் பெயரையே சூட்டினர். ஏன் வந்தனர்? இதற்கு விடை காண முதலில் மலையை விட்டிறங்கிக் கடற்கரைக்குச் செல்ல வேண்டும்.

மிளகைத் தேடி

மிளகின் மீது மேலைநாட்டார் கொண்ட வேட்கை புதிதன்று. யவனர் மரக்கலங்கள் முசிறிக்கு வந்து பொன் கொடுத்து மிளகு வாங்கிச் சென்ற செய்தியைச் சங்க இலக்கியம் பயின்றவர் அனைவரும் அறிவர். தமிழகத்தில் பல இடங்களில் கிடைத்த உரோமானிய நாணயங்கள் அதற்குச் சான்று. பின்னர் அவ்வணிகம் அரபியர் கைக்கும், அவர்களிடமிருந்து வெனிசு நகரத்து வணிகர் கைக்கும் சென்றது. மலையாளக் கரையில் ஏற்றிய மிளகு ஐரோப்பியச் சமையலறைக்குப் போய்ச் சேரும்முன் பல கை மாறியது. ஒவ்வொரு கையிலும் விலை ஏறியது.

1453ஆம் ஆண்டு துருக்கியர் கான்சுடாண்டிநோபிளைக் கைப்பற்றினர். வணிக வழி அடைபட்டது. ஆகவே புதுவழி தேடினர் என்று பாடநூல்கள் கூறும். இவ்விளக்கத்தை நான் அப்படியே ஏற்பதற்கில்லை. போர்ச்சுகீசியர் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள சியூட்டாவைப் பிடித்தது 1415இல். பொசடோர் முனையைத் தாண்டியது 1434இல். அதாவது கான்சுடாண்டிநோபிள் வீழுமுன்பே அவர்கள் தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிட்டனர். 1453க்குப் பிறகும் எகிப்து வழியாக வெனிசுக்கு மிளகு சென்றுகொண்டுதான் இருந்தது. ஆகவே வழி அடைபட்டது என்பதைவிட, வழியில் நின்ற தரகர்களை விலக்கிவிட்டு ஆதாயம் முழுவதையும் தாமே அடைய விரும்பினர் என்பதே பொருத்தம். தரகு மண்டியில் காய்கறி விற்கும் எங்கள் ஊராருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆசை மட்டும் கப்பலைச் செலுத்தாது. காற்றை எதிர்த்தும் செல்ல உதவிய முக்கோணப் பாயும், சீனத்தில் தோன்றிய திசைகாட்டியும், விண்மீன் உயரம் அளக்க அரபியர் செம்மைப்படுத்திய கருவியும் ஒன்றுசேர்ந்தபோதே பெருங்கடற் பயணம் கைகூடியது. 1488இல் பார்த்தலோமியோ டயசு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்தார். பத்தாண்டு கழித்து, 1498இல், வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். ஆப்பிரிக்கக் கரையில் மாலிந்தி என்னும் இடத்தில் அவருக்கு அமர்த்தப்பட்ட மாலுமி ஒருவரே அரபிக் கடலைக் கடக்க வழி காட்டினார். கோழிக்கோட்டில் முதலில் கரைக்கு அனுப்பப்பட்டவரிடம் எதற்காக வந்தீர்கள் என்று வினவியபோது, கிறித்தவர்களையும் நறுமணப் பொருள்களையும் தேடி வந்ததாக அவர் மறுமொழி கூறினார் என்று அப்பயணக் குறிப்பு தெரிவிக்கிறது. நம் தேர்வு விடையின் இரண்டு தலைப்புகளை அம்மனிதர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

மெகல்லன் 1519இல் ஐந்து கப்பல்களுடன் புறப்பட்டார். 1522இல் விக்டோரியா என்னும் ஒரே கப்பல் உலகைச் சுற்றித் திரும்பியபோது அதில் பதினெட்டுப் பேரே எஞ்சியிருந்தனர். தலைவரும் மாண்டார். அக்கப்பலில் இருந்த கிராம்பை விற்ற பணமோ பயணச் செலவை ஈடுகட்டியது என்பர். மனித உயிருக்கும் மணப்பொருளுக்கும் இருந்த விலை வேறுபாட்டை இதைவிட நன்றாகக் காட்டும் கணக்கு வேறில்லை.

மிளகுக் கொடி நம் மலைக்கும் அயலானதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குக் கிளையே பழனிமலை. இன்றும் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டத்து நிழல்மரங்களில் மிளகு படர்ந்திருப்பதைக் காணலாம். ஆயினும் போர்ச்சுகீசியர் அதற்காக இங்கு ஏறி வரவில்லை. துறைமுகத்துக்கு அருகிலேயே வேண்டிய மட்டும் கிடைக்கும்போது மலையேறுவானேன்?

துணியும் நிலவரியும்

போர்ச்சுகீசியரைத் தொடர்ந்து பிறரும் வந்தனர். ஆங்கிலக் கும்பினி 1600இலும் டச்சுக் கும்பினி 1602இலும் தோன்றின. பலர் பங்குப்பணம் போட்டு நடத்தும் கும்பினி என்னும் அமைப்பே அக்காலத்தில் ஒரு புதுமை. கப்பல் மூழ்கினால் ஒருவரே அழிந்துபோக மாட்டார். நட்டம் பலர் தலையில் பங்கிடப்படும். துணிவு என்று நாம் போற்றுவதில் ஒரு பகுதி இந்தப் பங்குக் கணக்கிலும் அடங்கியிருக்கிறது.

தமிழ்க் கடற்கரையில் அவர்கள் நாடியது துணி. கிழக்கிந்தியத் தீவுகளின் மக்கள் தம் கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் ஈடாகச் சோழமண்டலத் துணியை விரும்பிப் பெற்றனர். ஆகவே நறுமணப் பொருள் வேண்டுமாயின் முதலில் நம் நெசவாளரின் தறிக்கு வரவேண்டியிருந்தது. பழவேற்காட்டில் டச்சுக்காரரும், 1620இல் தரங்கம்பாடியில் தேனியரும், 1639இல் சென்னையில் ஆங்கிலேயரும், 1674இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் நிலைகொண்டதற்கு இதுவே பெருங்காரணம்.

இதுவரை கூறியது கரையோர வணிகம். கரையிலிருந்தவர் உள்நாட்டுக்கு ஏன் வந்தார் என்பதே நமக்கு முதன்மையான கேள்வி. ஐரோப்பியச் சரக்குக்கு இந்தியாவில் அவ்வளவு தேவை இருக்கவில்லை. துணி வாங்க வெள்ளி கொண்டுவர வேண்டியிருந்தது. 1765இல் வங்காளத்தின் வரி வசூலிக்கும் உரிமை கும்பினியின் கைக்கு வந்தபோது இந்தத் தொல்லை தீர்ந்தது. இந்நாட்டு உழவரிடம் வரி வாங்கி, அவ்வரிப்பணத்தாலேயே இந்நாட்டுச் சரக்கை வாங்கி ஏற்றுமதி செய்யலாயினர். வணிகன் நில ஆண்டையான கதை இது. அதன்பின் மிளகைவிட நிலமே அவர்கள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது. என் கருத்தில் பாடநூல்கள் மிகக் குறைவாக எழுதும் பகுதி இதுவே.

1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தான் தம் நாட்டில் ஏறத்தாழப் பாதியை இழந்தார். மலபாரும் திண்டுக்கல் சீமையும் கும்பினிக்கு வந்தன. திண்டுக்கல் சீமையோடு அதைச் சேர்ந்த பாளையங்களின் சிக்கலும் வந்தது. மலையடிவாரத்து விருப்பாட்சிப் பாளையத்தின் தலைவர் கோபால் நாயக்கர் கும்பினியை எதிர்த்துக் கூட்டணி திரட்டினார், 1801இல் தூக்கிலிடப்பட்டார். முன்னொரு காலத்தில் வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த பாளையம் அது. பாளையக்காரர் ஒடுக்கப்பட்டபின் மலையும் மலை ஊர்களும் கும்பினிக் கணக்கில் ஏறின. கணக்கில் ஏறியதை அளக்க வேண்டாமா?

1802இல் லாம்டன் பரங்கிமலை அருகே பெரும் முக்கோண நில அளவையைத் தொடங்கினார். நாடெங்கும் சங்கிலியும் கோணமானியும் ஏந்திய அளவையாளர் சென்றனர். அவ்வகையில் 1821இல் லெப்டினண்ட் வார்டு என்பவர் வெள்ளகவி கிராமத்தில் தங்கி, அங்கிருந்து மேலேறி, இன்றைய கொடைக்கானல் பகுதியை அளந்தார். தாமஸ் மன்றோ சென்னை ஆளுநராயிருந்த காலம் அது. ஒவ்வொரு குடியானவரின் நிலத்தையும் தனித்தனியே அளந்து வரி விதிக்கும் இரயத்துவாரி முறைக்குப் பெயர்பெற்றவர் அவர். ஆகவே வார்டின் பயணத்தை ஊர்காணும் ஆர்வத்தால் நிகழ்ந்த பயணம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். ஊர் எத்தனை, வீடு எத்தனை, விளைவது என்ன, செல்லும் பாதை எது என்று அறிவதே அளவையின் நோக்கம்.

சுற்றுலாக் கையேடுகள் சில கொடைக்கானலைக் கண்டுபிடித்தவர் வார்டு என்று எழுதுகின்றன. வெள்ளகவி என்பது மக்கள் வாழும் ஊர். அவ்வூரிலிருந்து அவருக்கு வழி காட்டியவரும், சுமை தூக்கியவரும், சங்கிலி பிடித்தவரும் அம்மலையை அறிந்திராமலா காட்டினர்? தாண்டிக்குடி முதலிய இடங்களிலுள்ள பெருங்கற்காலக் கல்திட்டைகளைப் பற்றி ஆங்கிலேட் அடிகளாரும் நியூட்டன் அடிகளாரும் ஆராய்ந்து எழுதிய நூல் 1928இல் வெளிவந்தது. அக்கல்திட்டைகள் வார்டுக்கு இரண்டாயிரம் ஆண்டு மூத்தவை. பூம்பாறைக் குழந்தை வேலப்பரையும் வில்பட்டி வெற்றி வேலப்பரையும் நம் முன்னோர் வழிபட்டு வந்தனர். வரைபடத்தில் முதன்முதலில் குறித்தவர் என்று வார்டைச் சொல்லலாம், அவ்வளவே.

இவ்விடத்தில் நம்மவர் பலர் சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். மலையின் குன்னுவர் குடியினரும் சில நூற்றாண்டுகளுக்கு முன் சமவெளியிலிருந்து ஏறி வந்தவர்களே என்பது வழிவழிச் செய்தி. அவர்களுக்கு முன்பே இங்கு வாழ்ந்த புலையர் அவர்களுடைய நிலத்தில் அடிமைப்பட்ட உழைப்பாளிகளாயினர். பளியர் காட்டுக்குள் ஒதுங்கினர். ஆகவே ஒருவர் நிலத்தில் மற்றொருவர் குடியேறி மேலாண்மை செய்வது வெள்ளையர் கண்டுபிடித்த வித்தையன்று. ஆனால் குன்னுவர் வந்த இடத்திலேயே தங்கி, மண்ணை வெட்டிப் படிவயல் அமைத்து, விளைந்ததை இங்கேயே உண்டனர். கும்பினியின் வரியோ கடல் கடந்து சென்றது. இரண்டும் குற்றமே என்றாலும் இரண்டும் ஒன்றல்ல.

காய்ச்சலுக்கு அஞ்சி

நிலத்தை அளந்தாயிற்று. அளந்த பின்னும் வெள்ளையர் குடியேறினாரில்லை. 1834இல் மதுரை துணைக் கலெக்டர் ராட்டனும் வருவாய் வாரியத்தைச் சேர்ந்த காட்டனும் பெரியகுளம் பக்கமிருந்து ஏறிவந்து செண்பகனூர் அருகே ஒரு சிறு பங்களா கட்டினர். 1836இல் தாவரநூல் வல்லுநர் இராபர்ட் வைட் வந்து செடிகொடிகளைச் சேகரித்தார். நிலையான குடியேற்றம் வேறொரு கூட்டத்தாரால் வந்தது. அவர்கள் ஆங்கிலேயரும் அல்லர்; ஆட்சியாளரும் அல்லர்.

என் தாத்தாவிடம் ஒருநாள், வெள்ளைக்காரங்க எதுக்கு நம்ம மலைக்கு வந்தாங்க தாத்தா என்று கேட்டேன். "கீழ்நாட்டுக் காய்ச்சலுக்குப் பயந்து ஓடியாந்தாங்க சாமி, வேற என்னத்துக்கு?" என்றார். பள்ளிக்கூடம் அதிகம் காணாத அவர் கூறிய விடை, நூல்களைப் புரட்டிப் பார்த்தபோது பெரிதும் சரியாகவே இருந்தது.

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் 1834இல் மதுரையில் ஒரு கிளையைத் தொடங்கினர். அவர்களை மதுரைக்கு அழைத்து வந்தது சமயம், ஐயமில்லை. வந்த சில ஆண்டுகளுக்குள் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலரை இழந்தனர். முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தனர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பிறகு அதனினும் உயரமான பழனிமலையை நாடினர். 1845இல் சன்னி சைடு, ஷெல்டன் என்னும் இரண்டு வீடுகள் எழும்பின. கொடைக்கானல் நகரத்தின் தொடக்கம் அதுவே.

காய்ச்சலின் காரணம் அப்போது எவருக்கும் தெரியாது. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே நோயைத் தருவது என்று நம்பினர். மலேரியா என்னும் சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். கொசுவுக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897இல். காரணத்தைத் தவறாகக் கருதினாலும் மருந்து பலித்தது. ஏழாயிரம் அடி உயரத்துக் குளிரில் காய்ச்சல் கொசு பெருகுவதில்லை அல்லவா?

இதில் உலக வரலாற்றுக்குப் பயன்படும் ஓர் உண்மை இருப்பதாக எண்ணுகிறேன். தட்பவெப்பம் தமக்கு ஒத்துக்கொண்ட நாடுகளில் ஐரோப்பியர் குடும்பத்தோடு குடியேறி, அங்கிருந்த மக்களை ஒதுக்கினர். வட அமெரிக்காவும் 1788க்குப் பிந்திய ஆஸ்திரேலியாவும் அவ்வகையின. ஒத்துக்கொள்ளாத வெப்பநாடுகளில் ஒரு சிலர் மட்டும் வந்து ஆண்டு, பொருளீட்டி, உயிரோடிருந்தால் திரும்பினர், இந்தியா அவ்வகையினது. நம் நாட்டின் உதகை, சிம்லா, டார்ஜிலிங், கொடைக்கானல் ஆகியவை இரண்டாம் வகை நாட்டின் நடுவே அமைந்த முதல்வகைத் தீவுகள். அங்கே தம் ஊர்ப் பூச்செடியை நட்டு, தம் ஊர்க் குளிரில் கணப்பு மூட்டி அமர்ந்தனர். உதகை சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகராக விளங்கியது. கொடைக்கானலுக்கு அப்பெருமை கிடைக்கவில்லை. அதனால் நமக்கு நட்டம் ஒன்றுமில்லை.

இடையில் ஆட்சியாளரும் வந்து சேர்ந்துகொண்டனர். மதுரைக் கலெக்டர் லெவிஞ்சு 1863இல் ஓடைக்குக் குறுக்கே அணை போட்டு ஏரியை உருவாக்கினார். 1867இல் ஓய்வு பெற்று இங்கேயே குடியேறினார். யூகலிப்டஸ் மரங்களையும் சீமைப் பழமரங்களையும் கொண்டுவந்தார். அறுபது ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரியின் மிகுநீரே இன்று பேருந்தில் வருவோர் நின்று பார்க்கும் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. 1872இல் கோக்கர் என்னும் படை அதிகாரி மலைவிளிம்பில் ஒரு நடைபாதை அமைத்தார். 1895இல் ஏசு சபையார் செண்பகனூரில் தம் கல்லூரியை நிறுவினர். 1899இல் நகராட்சி ஏற்பட்டது.

இவர்களெல்லாம் எப்படி மேலே வந்தனர்? வண்டிச்சாலை 1914இல்தான் திறக்கப்பட்டது. 1875இல் இரயில் அம்மையநாயக்கனூர் வரை வந்தபோதும், அங்கிருந்து மாட்டுவண்டியில் அடிவாரம் வந்து, பின் டோலியில் ஏற வேண்டும். டோலியைச் சுமந்தவர் தோள்கள் நம்மவருடையவை. பியானோவும் அலமாரியும் அதே தோள்களில்தான் ஏறின. எழுபது ஆண்டுக் குடியேற்றம் தோளில் சுமந்து ஏற்றிய குடியேற்றம் என்பதை ஏரிக்கரையில் படகு விடும்போது நினைவு கூர்வார் அரியர்.

வந்த பின்

காய்ச்சலுக்கு அஞ்சி வந்தோர் சில நூறு பேரே. அவர்களால் மட்டும் பள்ளங்கி போன்ற ஊரின் வாழ்வு மாறியிருக்காது. மாற்றியது 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம். அதுவரை ஊராரின் மாடு மேய்ந்த புல்வெளியும், விறகும் தேனும் எடுத்த சோலையும் எல்லைக்கல் நட்டுக் காப்புக்காடாக்கப்பட்டன. இரயில் பாதைக்குக் கட்டையும் அரசுக்கு வருவாயும் வேண்டியிருந்த காலம். காட்டைக் காக்கவே சட்டம் என்றனர். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் முன்பு உரிமையாயிருந்தது அன்றுமுதல் சலுகையாயிற்று. பிற்காலத்தில் புல்வெளிகளில் சீகை மரமும் பைன் மரமும் அடர்த்தியாக நடப்பட்டன. சுதந்திரத்துக்குப் பின் நம் அரசும் அவ்வழியிலேயே நெடுங்காலம் சென்றது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. மேய்ச்சல் குறைந்த காட்டுமாடுகள் இரவில் எங்கள் கேரட் பாத்திக்குள் இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பர்.

1899இல் அமைந்த வானாய்வுக் கூடத்தையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். சூரியனின் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்புண்டா என்று அறிந்தால் பஞ்சத்தை முன்கூட்டி உணரலாம் என்னும் எண்ணமே இக்கூடம் எழக் காரணமாயிற்று. மழை பொய்த்தால் உழவர் சாவர், வரியும் வராது. இவ்விரண்டில் எது ஆட்சியாளரை அதிகம் வருத்தியது என்பதை அவரவர் தீர்மானித்துக்கொள்ளலாம். கரும்புள்ளியில் மழையின் இரகசியம் அகப்படவில்லை. மாறாக, கரும்புள்ளியில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் ஜான் எவர்ஷெட் இங்கிருந்து கண்டறிந்தார். அது உலக அறிவியலில் அவர் பெயராலேயே வழங்குகிறது. கும்பினி வழி வந்த எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு எறிய முடியாது என்பதற்கு இதைக் காட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து போகும் மூட்டைகளைப் பாருங்கள். உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவின் ஆண்டீசு மலைப்பயிர். பீன்சும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தவை. மிளகைத் தேடிப் புறப்பட்ட கொலம்பசின் வழியில் கிடைத்து, மிளகைப் போலவே காரமாயிருந்ததால் மிளகாய் என்று நாம் பெயரிட்டுக்கொண்டோம். பேரியும் பிளம்சும் சீமையிலிருந்து இம்மலைக்கு வந்தவை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு மட்டும் இக்கப்பல்களில் வராதது. அது ஆசியாவின் நடுப்பகுதியில் தோன்றித் தரைவழியே வந்தது. இன்றும் அதைக் கட்டாகக் கட்டி வீட்டுப் பரணில் புகை படும்படி தொங்கவிட்டு, விலை ஏறியதும் மலையிறக்கி, பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகிறோம்.